ஐந்து சென்டில் வெயில் தாங்கும் வீடு: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

புதுக்கோட்டைக்கு வெளியே ஐந்து சென்ட் இடத்தில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று கோடை ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்து "இது மண்ணா?" என்கிறார்கள், அடுத்து "ஏசி எங்கே?", அப்புறம் குரலைத் தாழ்த்தி "சதுர அடிக்கு எவ்வளவு ஆச்சு?". இதையே போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் இன்ஜினியர் இல்லை. கம்பிக் கணக்கு எனக்குத் தெரியாது, அதற்கு ஒருவரைக் காசு கொடுத்து வைத்துக்கொண்டேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பிளானில் அழிப்பது

பசுமை வீடு என்றதும் எல்லோரும் பொருளைத்தான் கேட்கிறார்கள். மண் கல்லா, சாம்பல் கல்லா, மூங்கிலா? அதெல்லாம் பிறகு. எங்கள் முதல் பிளான் 1,250 சதுர அடி. அதில் விருந்தாளி அறை ஒன்று இருந்தது. வருஷத்தில் எத்தனை நாள் அதில் ஆள் படுக்கும் என்று விரல்விட்டு எண்ணினோம்: தீபாவளிக்கு இரண்டு நாள், கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள். அடித்துவிட்டோம். சாப்பாட்டு அறை தனியாக எதற்கு, அதுவும் போனது. இரண்டு படுக்கை அறைக்கும் தனித்தனி பாத்ரூம் என்பது ஒரு வாரச் சண்டைக்குப் பிறகு ஒன்றாகச் சுருங்கியது. கடைசியில் 860 சதுர அடியும் முன்னால் ஒரு அகலத் திண்ணையும். கட்டாமல் விட்ட அந்த 390 சதுர அடிக்கு சிமென்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம், தினம் கூட்டிப் பெருக்கவும் வேண்டாம். இந்த வீட்டில் நான் செய்த வேறு எதுவும் இந்த ஒரு அழித்தல் அளவுக்கு மிச்சம் பிடிக்கவில்லை. சிமென்ட் சூளை 1,450 டிகிரி வரை எரிகிறது, ஒரு மூட்டை குறைந்தால் அந்த அளவுக்கு எரிப்பு குறைந்தது, அவ்வளவுதான் கணக்கு.

இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்

இடம் வாங்கியவுடன் பூமி பூஜை போட்டுவிடாதீர்கள். ஒரு மழைக்காலமாவது, ஒரு சித்திரை மாதமாவது அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, பக்கத்து வீட்டு நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது. எங்கள் பக்கம் ஆனியில் தொடங்கி ஆவணி வரை மேல்காற்று ஊதித் தள்ளும், ஐப்பசியில் மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கும். இதை எந்த வாஸ்து புத்தகமும் உங்கள் மனைக்கு என்று தனியாகச் சொல்லித் தராது, உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

வெயில் விஷயம் ஒன்று மட்டும் நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் மதிய வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வரும், மே, ஜூனில் கொஞ்சம் வடக்கே நகரும், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சிக்கு வந்து அப்புறம் தெற்கே சாயும். அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களை இரண்டடி சன்ஷேடே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கிழக்கும் மேற்கும் அப்படி இல்லை, காலையிலும் சாயங்காலமும் வெயில் படுத்துக்கொண்டு வருவதால் எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. வீட்டைக் கிழக்கு மேற்காக நீளமாகவும் வடக்கு தெற்காகக் குறுகலாகவும் போடுங்கள். மேற்குப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை என்று ஆள் உட்காராத இடங்களைத் தள்ளிவிடுங்கள். அதற்கும் வெளியே வேம்போ புங்கையோ வையுங்கள், ஆனால் அஸ்திவாரத்தை ஒட்டி வேண்டாம். மரக்கன்றை வீடு கட்டத் தொடங்கும் முன்பே நட்டுவிட வேண்டும், கட்டிட வேலைக்குக் கொண்டுவரும் தண்ணீரிலேயே அது பிழைத்துக்கொள்ளும்.

அனுமதி வேலை முன்பு மாதிரி இழுத்தடிப்பது இல்லை. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே முடிகிறது. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி, எங்களுடையது மாதிரி மனைக்குப் பொருந்தும். மனை அங்கீகாரம் உள்ளதா என்பதை மட்டும் வாங்கும் முன்பே பாருங்கள். வங்கிக் கடன் வேண்டுமென்றால் மதிப்பீட்டுக்கு வருகிறவர் "மண் சுவரா" என்று முகம் சுளிப்பார். சிமென்ட் கலந்து அழுத்திய கல் என்று இன்ஜினியரின் எழுத்தில் காட்டினால் கொஞ்சம் இறங்கி வருவார்.

மண் பரிசோதனை, ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்

எங்கள் பக்கம் செம்மண். கொஞ்சம் தோண்டினால் செம்புராங்கல் தட்டும். அது அதிர்ஷ்டம். உங்களுடையது கரிசல் என்றால் சுவருக்கு அந்த மண்ணை மறந்துவிடுங்கள். அஸ்திவாரத்துக்கும் தனி யோசனை வேண்டும், மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் மண் அது.

மேல் மண்ணை ஒன்றரை இரண்டு அடி ஒதுக்கி வையுங்கள், அது தோட்டத்துக்கு, வேரும் மக்கும் கலந்த மண் கல்லுக்கு ஆகாது. அதற்குக் கீழே உள்ளதை எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கை வலிக்கும்வரை குலுக்கி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் மணல் அடியில் உட்காரும். அதன் மேல் மெல்ல வண்டல் படியும். களி மட்டும் நாள் முழுக்கத் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்து மறுநாள்தான் படியும். அளவுகோலை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளந்துகொள்ளுங்கள். சிமென்ட் கலந்து அழுத்தும் கல்லுக்கு நல்ல மண் என்பது ஏறக்குறைய சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதம். களி கூடினால் மணல் சேர்க்கலாம். களி ரொம்பக் குறைவு என்றால் வேறு மண்ணோடு கலக்க வேண்டும்.

இன்னொரு சோதனை, ஈரமண்ணை அதிரசம் மாதிரித் தட்டி ஒரு டப்பா மூடியில் அழுத்தி நிழலில் காயவிடுவது. காய்ந்ததும் ஓரத்தில் இடைவெளி விட்டு வெடித்தால் களி அதிகம். கையால் நொறுக்கும்போது பொடிப் பொடியாக உதிர்ந்தால் களி பற்றாது. இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் லேப் டெஸ்டுக்குக் கொடுத்தேன், பாட்டில் சொன்னதற்கும் லேப் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சுவர்

எங்களுக்கு வெளிச்சுவர் அழுத்திய மண் கல், உள்சுவர் செங்கல். மண் கல்லுக்கு 5 சதவீதம் அளவு சிமென்ட் சேர்த்து, கையால் இழுக்கும் இரும்பு அச்சில் அழுத்தி எடுப்பார்கள். ஆரோவில்லில் இருக்கும் எர்த் இன்ஸ்டிட்யூட் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறது, பயிற்சி வகுப்பும் நடத்துகிறது. கட்டப்போகிறவர்கள் ஒரு வாரம் ஒதுக்கிப் போய்க் கையை அழுக்காக்கிக்கொண்டு வந்தால் பின்னால் மேஸ்திரியிடம் பேச வாய் இருக்கும். மழைநீர்த் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் தோண்டிய மண்ணே எங்கள் சுவருக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. தோண்டிய மண்ணை லாரி வைத்து வெளியே கொட்டுவதும், சூளையில் சுட்ட கல்லை லாரி வைத்து உள்ளே கொண்டுவருவதும் இரண்டும் மிச்சம்.

இதில் அவசரம் ஆகாது. அழுத்தி எடுத்த கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வைக்க வேண்டும், அப்புறம் நான்கு வாரம் தண்ணீர் தெளித்து நிழலில் ஈரம் காக்க வேண்டும். கல் வெளியிலிருந்து வாங்கினால் இந்த நான்கு வாரத்தைத்தான் பலர் திருடுகிறார்கள். நாங்கள் வாங்கிய முதல் லோடு அப்படித்தான், ஓரம் எல்லாம் விரலால் சுரண்டினால் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டு இடத்திலேயே அச்சு வாடகைக்கு எடுத்துப் போட்டோம். மண் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் வேண்டும் என்பார்கள். தரைமட்டத்திலிருந்து இரண்டடியாவது கருங்கல் பேஸ்மென்ட், மேலே இரண்டரை அடி நீட்டிய கூரை. இந்த இரண்டும் இருந்தால் சாய்மழை பெரிதாக ஒன்றும் செய்யாது.

உள்சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரவலாக்கியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டுவதால் ஒன்பது அங்குலச் சுவருக்கு நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் நான்கில் ஒரு பங்கு குறையும், கலவையும் குறையும், நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும், கரன்ட் பைப்பையும் அந்தச் சந்திலேயே இறக்கிவிடலாம். ஆனால் கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். நாட்டுச் செங்கலில் ஒன்று எட்டரை, ஒன்று ஒன்பது என்று வந்தால் இந்தக் கட்டு வேலைக்கு ஆகாது. கடையில் பத்துக் கல்லை வரிசையாக அடுக்கி அளந்து பார்த்து வாங்குங்கள்.

என் கூத்து இங்கேதான். மேஸ்திரிக்கு அறுபது வயது, கை சுத்தமான வேலை. இரண்டு நாள் நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து மொபைல் டார்ச்சை அடித்துச் சந்துக்குள் பார்த்தால் கலவை! ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் இறங்கவே இல்லை. "என்னண்ணே, நடுவுல ரொப்பிட்டீங்களா?" என்றேன். "பொத்தலா விட்டா செவுரு எப்படித் தம்பி நிக்கும்? உங்களுக்காகத்தான் ரெண்டு சட்டி சேத்துப் போட்டேன், கூலிகூடக் கேக்கல" என்றார். கோபப்பட முடியவில்லை, மனிதர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். மூன்று வரிசை பிரித்தோம். அதற்கு அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன்: வாசலில் நான்கடிக்கு நான்கடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டவைத்து, மேலே நான்கு பேரை ஏற்றி நிற்கவைத்தேன். மேஸ்திரி தானும் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். நீங்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழ் வரிசை, லிண்டலுக்கும் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பட்டை) தளத்துக்கும் கீழ் வரிசை, இவை மட்டும் வெற்றிடம் இல்லாமல் முழுக்கட்டாக வரவேண்டும் என்பதையும் அந்த மாதிரிச் சுவரிலேயே காட்டிவிடலாம்.

இதனால்தான் இந்த மாதிரி வீட்டை முழு கான்ட்ராக்டுக்கு விடாதீர்கள் என்கிறேன். கான்ட்ராக்டுக்கு வேகம் முக்கியம், இந்த வேலைக்கு வேகம் எதிரி. பொருள் நம்முடையது, கூலி மட்டும் பேசுவது சரியாக வரும். கூலி கூடத்தான் ஆகும், பொருள் செலவு குறையும். எங்களுக்கு மொத்தக் கணக்கு சாதாரண வீட்டுக்கு அக்கம்பக்கமாகத்தான் வந்தது, பாதி விலையில் முடிந்தது என்று யாராவது சொன்னால் அவர் தன் அலைச்சலைக் கணக்கில் எழுதவில்லை.

கூரை

சூட்டில் பெரும் பங்கு கூரை வழியாகத்தான் இறங்குகிறது. சுவருக்கு ஆறு மாதம் யோசிக்கிறவர்கள் கூரைக்கு வழக்கமான தளத்தைப் போட்டுவிட்டு மே மாதம் வந்து அழுகிறார்கள்.

எனக்கு முதலில் ஓட்டு வீட்டு ஆசை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தில் என்ன செய்தது என்று பார்த்தவன் நான். ஓடுகள் காகிதம் மாதிரிப் பறந்தன, தென்னந்தோப்புகள் படுத்தேவிட்டன. அதனால் ஓட்டைத் தளத்துக்குள்ளேயே வைக்கும் ஃபில்லர் ஸ்லாபுக்கு வந்தோம். தளத்தின் கீழ்ப் பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே உள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி சும்மா எடையாக நிற்கிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடு இரண்டை ஒன்றோடொன்று கவிழ்த்து வைத்தால் கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, இரண்டு ஓட்டுக்கும் நடுவே காற்றுப் பொதி. ஓடு இடித்த வீடுகளிலிருந்து வாங்கியது. கீழே பூசாமல் விட்டால் அண்ணாந்து பார்க்க அழகாகவும் இருக்கும்.

போடும் நாளில் கவனிக்க வேண்டியது: ஓட்டை முந்தின நாளே ஊறப்போடுங்கள், காய்ந்த ஓடு கான்கிரீட்டில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். பீமுக்கு மேலும் ஓரங்களிலும் ஓடு வரக்கூடாது. ஃபேன் ஹூக், லைட் பாக்ஸ் எல்லாம் ஓட்டுக்கு நடுவில் உள்ள கான்கிரீட் பட்டையில் விழுகிற மாதிரி முன்பே வரைந்து வையுங்கள். எங்கள் கூடத்து ஃபேன் இன்றும் ஓரடி கோணலாகத் தொங்குகிறது, அதைக் குறிக்க மறந்ததால். ஆட்கள் ஓட்டின் மேல் மிதிக்காமல் நடக்கப் பலகை போடுங்கள். கம்பி எவ்வளவு, எத்தனை இடைவெளி என்பதை இன்ஜினியர் எழுதிக் கொடுக்காமல் யாரும் இதைத் தொடாதீர்கள்.

அதன் மேல் பழைய முறையில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்தோம். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நான்கு நாள் அடித்தார்கள், தெரு முழுக்கச் சத்தம். இந்த வேலை தெரிந்தவர்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். கடைசியாக வெள்ளை அடித்தோம். வெள்ளைக் கூரை ஒன்றுதான் ஏற்கனவே வீடு கட்டிவிட்டவர்களும் இந்த வாரமே செய்யக்கூடியது.

சுவர் உச்சியில் காற்றுக் கண் வையுங்கள். சூடான காற்று அங்கேதான் போய் நிற்கும். மே மாதம் ராத்திரி ஜன்னல்களைத் திறந்து வைத்து, காலை ஒன்பது மணிக்குள் மூடித் திரை போட்டுவிட்டால் மதியம் மூன்று மணிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் "அப்பாடா" என்று உட்காருவார்கள். ஏசி இல்லை என்று பெருமை பேச மாட்டேன், அம்மா அறையில் பாயின்ட் வைத்திருக்கிறது. இதுவரை மெஷின் வாங்கவில்லை.

பூச்சு, தரை, மரம்

மண் சுவரின் வெளிப்புறத்தைப் பூசாமல் விட்டோம், உள்ளே சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு தாளிப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டதும் ஒன்றும் நடக்காது, சில நிமிஷத்தில் உலைபோலக் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள், பிள்ளைகளை விடவே விடாதீர்கள். வாரக்கணக்கில் ஊறி வெண்ணெய் பதத்துக்கு வந்த பிறகுதான் அரைத்துக் கலக்க வேண்டும். சிமென்ட் பூச்சு மாதிரி மறுநாளே கெட்டியாகாது, காற்றில் உள்ள கரியமிலவாயுவை மெல்ல இழுத்துத்தான் இறுகும். அதுவரை ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சூளையே கிடையாது. பதிக்கிறவர் அனுபவசாலியாக இருக்கட்டும், மற்றபடி கூட்டித் துடைத்தாலே மெருகு ஏறும். கதவு, நிலை எல்லாம் காரைக்குடிப் பழைய சாமான் கடையில் எடுத்தோம். அங்கே போகும்போது ஜன்னல் அளவைப் பிளானில் முடிவு செய்யாமல் போங்கள், கிடைத்த ஜன்னலுக்கு ஏற்பச் சுவரில் திறப்பு விடுவது எளிது. கறையான் தின்ற பொந்து இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குங்கள். தென்னை மரமும் சட்டத்துக்கு ஆகும், ஆனால் வயசான மரத்தின் வெளிப்பக்க வைரம் மட்டும்தான், நடுப்பகுதி சோறு.

தண்ணீரும் கரன்டும்

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பைப்பும் ஒரு குழியுமாகப் பெயருக்கு நிற்கிறது. கணக்கு போடுங்கள். 900 சதுர அடிக் கூரை என்பது 84 சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 84 லிட்டர். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்தால், வீணாவது போக 60,000 லிட்டர். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 7,300 லிட்டர்தான். ஆக, 10,000 லிட்டர் தொட்டி ஒன்று ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிவிட்டால் அடுத்த மழைவரை கேன் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் போகக்கூடாது, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு மூடி வேண்டும், நடுவில் கூழாங்கல், கரி, மணல் வடிகட்டி. மிச்சம் வழிவது கிணற்றோரக் குழிக்கு.

குளித்த தண்ணீரைக் கழிவுத் தொட்டியில் விடாதீர்கள், அதற்குத் தனி பைப் அஸ்திவாரம் போடும்போதே போடவேண்டும். நாங்கள் அதை ஜல்லி நிரப்பிய வாய்க்காலில் விட்டுக் கல்வாழையும் சேம்பும் வைத்து, அங்கிருந்து வாழைக்கு. சமையலறைத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கு தங்க ஒரு சின்னத் தொட்டி தாண்டித்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் நாறும்.

சோலார் கடைசியில். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் வரும், நூறு சதுர அடி இடம் பிடிக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். தளம் போடும்போதே ஒயர் இறங்க ஒரு பைப் விட்டுவிடுங்கள், பிறகு ட்ரில் போட்டால் அங்கேதான் ஒழுகும். பேனலைத் தெற்குப் பார்த்துப் பத்து டிகிரி சாய்வில், புயல் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி போல்ட் அடித்து நிறுத்தச் சொல்லுங்கள். அதன் நிழலும் கூரைக்கு லாபம்.

குடிவந்த பிறகு வருஷத்துக்கு இரண்டு வேலை உண்டு. புரட்டாசி கடைசி வாரம் மாடி ஏறி இலைதழை கூட்டி, வடிகட்டி மணலை அலசிப் போட்டு, முதல் மழை மூடி திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் உள்சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். போன வருஷம் முதல் வேலையை நான் தள்ளிப்போட்டேன், தொட்டித் தண்ணீரில் ஒரு வாரம் வேப்பிலை வாசம் அடித்தது.